ஆரின் வழிவிட்ட பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்கில் வசந்தம் தவறாமல் முதுகுப்பையோடு இறங்கும் கூட்டத்துக்கு எப்போதும் ஆரின்தான் முன்னால் நடப்பார். இந்த முறை நாலே பேர். ஆரின், அவர் மனைவி மார்லிஸ், பழைய நண்பர் டாரெல், டாரெலின் மனைவி ஜோலீன். எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஆரினுக்கு வந்திருப்பது மறதி நோய் என்று மருத்துவர் சொன்னது போன குளிர்காலத்தில். “இன்னும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம் மார்லி” என்று அவர் கேட்டபோது அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை.

முதல் நாள் வெயில் கொளுத்தியது. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஓடையில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஆரின் விறுவிறுவென்று நடந்தார்.

“மெதுவாப் போடா! பின்னாடி வர்றது மனுஷங்க, கழுதை இல்ல” என்று கத்தினார் டாரெல்.

“கழுதைன்னா இப்படி முனகாம வந்திருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மருத்துவர்தான் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று மார்லிஸுக்கு ஒரு ஆசை எழுந்தது.

மறுநாள் காற்று திரும்பியது. மதியம் கொஞ்ச நேரம் ஆலங்கட்டி சடசடவென்று விழுந்து ஓய்ந்தது. மறுபடி வெயில் வந்தபோது, ஓடையோரம் வழக்கமாகத் தங்கும் மணல் திட்டில் ஆரின் பையை இறக்கினார்.

மார்லிஸ் ஓடையைப் பார்த்தாள். காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் செங்கல் கரைத்தது போல ஓடியது. சுள்ளிகள் மிதந்து வந்தன.

“ஆரின், இங்க வேண்டாம். மேல எங்கயோ மழை கொட்டியிருக்கு. அந்தப் பாறைக்கு ஏறிடலாம்.”

“வானத்தைப் பாரு, பளிச்சுன்னு இருக்கு. எத்தனை வருஷமா உங்களைக் கூட்டிட்டு வர்றேன்? நீ எனக்குச் சொல்றியா?”

தலைக்கு மேலே வானத்தைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். டாரெலும் ஜோலீனும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். மார்லிஸ் தன் பையோடு ஆரினின் பையையும் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள்.

“இவங்க முன்னாடி என்னைச் சின்னப் பிள்ளையாக்கிட்ட” என்று கத்திக்கொண்டே கடைசியாக ஆரினும் ஏறினார்.

பாறை மேல் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பில் வைத்த பீன்ஸ் சூடாவதற்குள் ஓர் இரைச்சல் கேட்டது. வளைவைத் திரும்பி, ஒரு முழு மரத்தைப் புரட்டிக்கொண்டு சேற்று வெள்ளம் வந்தது. மணல் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. ஆரின் கையில் கரண்டியோடு வெளிச்சம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிந்தபோது பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் பனி படிந்திருந்தது. மார்லிஸ் ஆரினுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நல்ல இடம். யாரு பார்த்தது?” என்று கேட்டார்.

“நீதான்” என்றாள் அவள், அவசரமாக.

அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“பொய் சொல்லாத மார்லி. நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான் கேட்டேன். கீழ நின்னு நான் கத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு. என் பேச்சைக் கேட்டிருந்தா நாலு பேரும் போயிருப்போம்.” காப்பியைப் பார்த்தபடி, “அதை மட்டும் மறந்திருக்கலாம்” என்றார்.

அவள் அவருடைய குளிர்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்ததும் கீழே இறங்கினார்கள். ஆரின் ஓரமாக ஒதுங்கி நின்று, “நீ முன்னால போ” என்றார். மார்லிஸ் முன்னால் நடந்தாள். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தாள். ஓரிடத்தில் அவரைக் காணவில்லை. டாரெலும் ஜோலீனும் பேசிக்கொண்டே அவரை முந்தி வந்துவிட்டிருந்தார்கள். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து பிரியும் ஒரு கிளைப் பிளவின் வாசலில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு பிடியை விடவே இல்லை.

வண்டியில் பைகளை ஏற்றும்போது டாரெல், “அடுத்த வருஷம்...” என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. மார்லியையும் கூட்டிட்டுப் போங்க” என்றார் ஆரின்.

அடுத்த வசந்தத்தில் டாரெலும் ஜோலீனும் போனார்கள். மார்லிஸ் போகவில்லை. ஆரினுக்கு அப்போது அவளை விட்டால் வேறு யாரையும் அடையாளம் தெரியாது.