இடக் கன்னத்துத் தழும்பு

காமிக்ஸ் வீரன் செங்கழுகு கடைசியில் ஜெயித்தானா தோற்றானா என்று எனக்கு ஒரு மாதமும் ஒழுங்காகத் தெரிந்ததில்லை. எல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தால் வந்த வினை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆரணிக்கு காமிக்ஸ் வேலூர் பஸ்ஸில் வரும். அண்ணன் கூட்டம் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம் வாங்கும். முதலில் சைக்கிள் கடை வேணுகோபால் படிப்பான். படித்ததும் கடைசிப் பக்கத்துப் பெரிய படத்தைக் கிழித்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்வான். பிறகு களம்பூர் ரைஸ்மில்லில் வேலை பார்க்கும் முருகேசன். அதன் பிறகு என் அண்ணன் ஜெயவேல். எல்லோரும் எச்சில் தொட்டுப் புரட்டி, டீ சிந்தி முடித்த பிறகுதான், வீட்டுத் தறிக்குத் தார்க் குழலில் நூல் சுற்றித் தருகிற எனக்கு. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் சைக்கிள் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஊர் சும்மா இருக்குமா? முடிவு என்ன ஆயிற்று என்று அண்ணனைக் கேட்டால், "வில்லன் காலி, அவ்ளோதான், போய்த் தார் சுத்து" என்பான். இதற்கு அவன் வாயைத் திறக்காமலே இருக்கலாம்.

அந்தப் புத்தகத்தின் மை வேறு காயவே காயாது. ஒருமுறை படித்த கையோடு அண்ணன் தறியில் உட்கார்ந்து, வெள்ளைப் பட்டில் கறுப்பு விரலைப் பதித்துவிட்டான். அம்மா செல்லம்மாள் போட்ட சத்தத்தில் வீடே ரெண்டுபட்டது.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் கூடி செங்கழுகைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். சில மாதங்களாகவே கதை சரியில்லை என்று அவர்களுக்குக் கோபம்.

"இன்னா கதைங்க இது?" என்றார் முருகேசன். "முன்னல்லாம் செங்கழுகு வந்தா வில்லனுக்குப் பல்லு கொட்டும். இப்ப மன்னிச்சி அனுப்பிகினு கீறான்."

"போன புக்குல நாயைப் பாத்து மரத்துல ஏறிக்கினானே!" என்றான் வேணுகோபால். "இவன் கழுகா, கோழிக்குஞ்சா?"

"கதை எழுதறவனை மாத்திட்டாங்கபா" என்றான் அண்ணன்.

"படம் போடறவன் மட்டும் ஒழுங்கா? தழும்பு இடது கன்னத்துல இல்ல இருக்கணும்? இதுல வலது கன்னத்துல கீது பாரு!" என்றான் வேணுகோபால்.

மூன்று தலைகளும் புத்தகத்தின் மேல் குனிந்தன. உண்மைதான். தழும்பு இடம் மாறியிருந்தது. அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோய், தறிக்கு அடியிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து வந்தான்.

எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவன் கண்ணுக்குப் படுவது பின்பக்கம்தான். ஜரிகைப் பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கண்ணாடியைத்தான் அண்ணன் செங்கழுகின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். தழும்பு சமர்த்தாக இடது கன்னத்துக்கு வந்துவிட்டது.

"பாத்துக்கினியா! அச்சாபீசுல படத்தைப் பின்பக்கமா திருப்பிப் போட்டுட்டானுங்க!"

வேணுகோபால் விசில் அடித்தான். முருகேசன், "மூளைங்க உங்களுக்கு" என்றார். ஆரணி வாசகர்கள் சார்பில் ஆசிரியருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதி, முதல் கையெழுத்தை அண்ணன் போடுவது என்று முடிவாயிற்று.

நான் தார் சுற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். செங்கழுகின் மார்பில் 'செ' என்று பெரிதாக எழுதியிருக்கும். கண்ணாடியில் அது இடவலம் மாறி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணா, படத்தைத் திருப்பிப் போட்டிருந்தா எழுத்தும் இல்ல திரும்பியிருக்கணும்? புக்குல எழுத்து நேராத்தானே கீது? படம் சரி. ஆளுதான் தப்பு. இவன் போலி!"

"எழுத்தை மட்டும் அப்பறமா எழுதிட்டிருப்பாங்கம்மா" என்றார் முருகேசன்.

"சண்டைக் கதையில உனக்கு இன்னாடி தெரியும்? கம்னு இரு" என்றான் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. மிச்சம் மீதியைப் படிக்கிறவள் என்றால் மூளையும் மிச்சம் மீதியா? தாரைக் கீழே வைத்துவிட்டுப் பந்தயம் கட்டினேன். இவன் போலி என்றால், இனி புத்தகம் முதலில் என் கைக்கு, கடைசிப் பக்கத்தோடு வர வேண்டும். இல்லையென்றால் நான் இனி காமிக்ஸைத் தொடவே மாட்டேன். இந்த மாதம் யாரும் எதையும் கிழிக்கக் கூடாது. மூவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

சொல்லிவிட்டேனே தவிர, அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றுவிட்டால் வாழ்நாளெல்லாம் தாரும் ராட்டையும்தான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்த மைக்கறை படிந்த புத்தகம்தான்.

அடுத்த புத்தகம் நல்ல மழையில் வந்தது. ஒரு மத்தியான வேளையில் அண்ணன் அதை என் மடியில் போட்டான். முகத்தில் ஒரு வருத்தம் வைத்திருந்தான். அது அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"நீ தோத்துட்ட குணா. அசல் செங்கழுகுதான். பாவம், இனிமே புக்கைத் தொடாத."

புரட்டினேன். கடைசித் தாள் இல்லை.

"கிழிக்கக் கூடாதுன்னு தானே பேச்சு?"

"வேணு பழக்க தோஷத்துல கிழிச்சிட்டான். இன்னா பண்றது? பேஜார் பண்ணாத."

புத்தகத்தை மூடப் போனேன். பின்னட்டையின் உள்பக்கம் அழுக்காகத் தெரிந்தது. மழை ஈரத்தில் கட்டோடு கட்டாக அமுங்கி வந்திருந்ததால், கிழிபட்ட பக்கத்தின் மை அப்படியே அட்டையில் ஒட்டியிருந்தது. படமும் எழுத்தும் எல்லாமே இடவலம் மாறி.

தறிப்பக்கம் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தேன். அண்ணன் முகத்தில் இருந்த வருத்தம் இப்போது நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு செங்கழுகுகள். ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்திருந்தான். நான் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன்:

"அடே போலியே! கண்ணாடியைப் பார்த்து வேஷம் போட்டு, தழும்பை வலது கன்னத்தில் ஒட்டிக்கொண்டாயே! அந்தக் கண்ணாடிதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது!"

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அண்ணன் தலையைச் சொறிந்தான். சட்டைப் பையில் கை விட்டு, நான்காக மடித்த கடைசித் தாளை எடுத்து நீட்டினான்.

"கண்டனக் கடுதாசி வேற போட்டுட்டேண்டி. முதல் கையெழுத்து என்துதான். அதான்..."

"பரவால்லணா. படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்கன்னு நெனைச்சிக்கோ."

அடுத்த மாதத்திலிருந்து வேணுகோபால் புத்தகத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தான். அதன் புது வாசனையை அன்றுதான் முதன்முதலாக முகர்ந்தேன். முடிவுவரை நிதானமாகப் படித்தேன். கதை அபாரம். படித்து முடித்துக் கடைசித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, மீதியை அண்ணனிடம் கொடுத்தேன்.

"முடிவு இன்னாடி ஆச்சு?" என்று பதறினான்.

"வில்லன் காலி, அவ்ளோதான். போய்த் தறியில உக்காரு."

அவன் அவசரமாகக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னட்டையைத் தேடினான். அதையும் சேர்த்துத்தான் கிழித்திருந்தேன். அவனைப் போல் அரைகுறையாக வேலை செய்கிறவள் இல்லை நான்.