சாம்பல் திரை

மகள் செம்மொழி, டிவி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியும், அங்கே அவள் என்ன செய்கிறாள் என்பது அவள் அப்பா ஐயாவுக்குச் சரியாகத் தெரியாது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கவைத்தபோது, பரீட்சை எழுதி மின்வாரியத்துக்குப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தார். அவளோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, தலைக்குத் தொப்பி மாட்டி, ராத்திரி பகல் என்று ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். நீடாமங்கலம் கடைத்தெருவில் யாராவது விசாரித்தால் "கம்பெனியில இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஸ்க்ரூ முடுக்குகிற வேலையாக இருக்கும் என்பது அவர் எண்ணம். கேட்டு அதை உறுதிப்படுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

தை மாதம் அவருடைய ஆறு மா நிலத்திலும் சம்பா அறுவடை முடிந்திருந்தது. அரசாங்கம் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்த பெட்டி டிவி கார்த்திகை மழையோடு கண்ணை மூடிவிட்டது. மூன்று நாள் லீவில் வந்த செம்மொழி, புது டிவி தன் பொறுப்பு என்றாள்.

"நீங்களும் வாங்கப்பா. நேர்ல பாத்துதான் வாங்கணும்."

அவளுடைய அம்மா தையல்நாயகி, வயலில் தெளித்த உளுந்துக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். "பேச்சு தெளிவாக் கேக்கணும். அது போதும் எனக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு பெரிய கடை. மாடி முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே கடல், ஒரே ஆரஞ்சுப் பழத்தை யாரோ வெட்டிக்கொண்டே இருந்தார்கள். விற்பனைக்கு நின்ற அப்சர் என்ற இளைஞன், ஐயாவுவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

"சார், எத்தனை இன்ச் பாக்கறீங்க? இது புது மாடல் சார். கலர் பாருங்க, அப்படியே அள்ளுது."

ஐயாவுக்கும் அள்ளுவதாகத்தான் தோன்றியது. "நல்லாத்தான் இருக்கு" என்று மகளைப் பார்த்தார்.

செம்மொழி டிவியின் முன்னால் நிற்கவில்லை. நாலு தப்படி இடப்பக்கம் தள்ளிப் போய், சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கிளிய நிறுத்திட்டு சாதா சேனல் ஏதாவது போடுங்க. நியூஸ் போதும். பிக்சர் மோடையும் ஸ்டாண்டர்டுக்கு மாத்திருங்க."

அப்சர் மாற்றினான். அள்ளிய கலர் பாதி போயிற்று. செய்தி வாசிக்கிறவரின் முகம், செம்மொழி நின்ற இடத்திலிருந்து சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறித் தெரிந்தது. ஐயாவு நேராகப் போய் நின்றார். முகம் சரியாக இருந்தது. மறுபடி ஓரத்துக்கு வந்தார், வெளிறியது.

"அம்மா அடுப்படி வாசல்ல உக்காந்துதானப்பா பாக்கும்" என்றாள். "அங்கேருந்து இப்படித்தான் தெரியும்."

அடுத்த டிவி ஓரத்திலும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் குரல் எங்கோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. சுவரில் மாட்டினால் இன்னும் மோசமாகும், ஸ்பீக்கர் பின்பக்கம் பார்த்து இருக்கிறது என்றாள். மூன்றாவது டிவியில் படம், குரல் இரண்டும் சரியாக இருந்தன. நாற்பத்து மூன்று இன்ச். அப்சர் பில் புத்தகத்தை எடுக்கத் திரும்பினான்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினாள். திரை முழுக்கச் சிவப்பு. பிறகு பச்சை. பிறகு நீலம், வெள்ளை, கறுப்பு. கடைசியில் வெறும் சாம்பல் நிறம். அதில் நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, மூலை மூலையாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"கீழே வலது மூலையில ஒரு திட்டு இருக்கு."

அப்சர் குனிந்து பார்த்தான். "ஒண்ணும் இல்லியே மேடம்."

"கிட்டக்க வந்து பாக்காதீங்க. ரெண்டடி பின்னால நின்னு, மூலைய முறைக்காம, நடுவுல பாருங்க. அது தானாத் தெரியும்."

ஐயாவு அவள் சொன்னபடி நின்று பார்த்தார். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு, நனைந்த தரையில் காயாமல் விட்டுப்போன இடம்போல, உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒன்று தெரிந்தது. தெரிந்தபின் கண் அதை விட்டு நகரவில்லை.

அப்சருக்கும் தெரிந்துவிட்டது. இப்போதுதான் அவன் அவளை நேராகப் பார்த்துப் பேசினான். "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? நான் ரெண்டு மாசமா இது முன்னாலதான் நிக்கிறேன்."

"அழுத்தம் பட்ட தடம். இது வந்தப்ப அட்டைப்பெட்டி மூலை நசுங்கியிருந்துச்சா?"

அவன் யோசித்தான். "ஆமா. அதான் டிஸ்ப்ளேக்குன்னு எடுத்து வச்சோம்."

அவள் டிவியின் பின்பக்கம் குனிந்து, ஒட்டியிருந்த சீட்டை போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். ஐயாவு என்ன என்று கேட்டார்.

"எங்க லைன் லீடருக்குப்பா. இது எங்க கம்பெனி டிவிதான். பெட்டியில அந்த மூலைக்கு வைக்கிற அட்டை பத்தலன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

ஐயாவு குரலைத் தாழ்த்தினார். "நீ வேல பாக்குற எடத்து டிவியையே நாலு பேர் முன்னால கொற சொல்லலாமாம்மா?"

"நான் சொல்லாம யாருப்பா சொல்லுவா? அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

பக்கத்து வரிசையில் ஒரு வயதான தம்பதி ஐம்பத்தைந்து இன்ச் டிவி ஒன்றை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டு நின்றிருந்தார்கள். கூத்தாநல்லூர்க்காரர்கள். பெரியவர் பக்கீர் முகம்மது நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தப்பா நெனைக்காதே. எங்களுதையும் ஒரு பார்வ பாத்துச் சொல்றியா?"

செம்மொழி தயங்காமல் போனாள். அதே ஆறு நிறங்கள், அதே குவித்த கைகள். "இதுல கொற ஒண்ணும் இல்லீங்க. உங்க வீட்டு ஹால்ல சுவத்துக்கும் நீங்க உக்கார்ற எடத்துக்கும் எவ்வளவு தூரம்?"

பெரியவர் மனைவியைப் பார்த்தார். ஜன்னத் பீவி கையை விரித்துக் கணக்குப் போட்டாள். "அஞ்சடி இருக்குமா? அதுக்கு மேல இல்ல."

"அப்ப இது கழுத்த வலிக்க வச்சிரும். நாப்பத்து மூணே தாராளம். பேச்சு நல்லாக் கேக்குதான்னு கண்ண மூடிக்கிட்டு ஒரு தடவ கேட்டுப் பாருங்க."

ஜன்னத் பீவி அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு டிவிகளை மாற்றி மாற்றிக் கேட்டாள். பெரிய வியாபாரம் சின்னதாகப் போனதில் அப்சரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனாலும் அவனும் கண்ணை மூடிக் கேட்டான்.

பக்கீர் முகம்மது ஐயாவு பக்கம் வந்தார். "தம்பி, உங்க பொண்ணு இன்ஜினியரா?"

ஐயாவு மகளிடமே கேட்டார். "அங்க உனக்கு என்னம்மா வேல?"

"இதேதான்ப்பா. பெட்டியில போடறதுக்கு முன்னாடி கடைசியா பாக்குறது. ஒரு ஷிஃப்ட்டுக்கு நானூறு டிவி வரும். நான் சரின்னாத்தான் பெட்டிக்குப் போகும். போன ஆடிலேருந்து ஆறு பேருக்கு நாந்தான் கத்துக்கொடுக்குறேன்."

"நீ வேணாம்னா?"

"திரும்பிப் போயிரும். மேனேஜரே சொன்னாலும் நான் கையெழுத்துப் போடாம நகராது."

ஐயாவுக்கு இந்த மூன்று வருடத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நெஞ்சுக்குள் ஓடியது. பிறகு நிமிர்ந்து, பெரியவருக்குப் பதில் சொன்னார். பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"டிவி நல்லதா இல்லியான்னு முடிவு பண்றது எம் பொண்ணுதாங்க. இது சொன்னாத்தான் கம்பெனியிலேருந்து லாரி ஏறும்."

அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் மூன்று குடும்பங்கள் செம்மொழியைக் கூப்பிட்டுக் காட்டின. ஐயாவு ஒவ்வோர் இடத்துக்கும் கூடவே போனார். கடைசி டிவியில், அவள் சொல்வதற்கு முன்பே, "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்று அவரே சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்சர் அந்த ஆறு நிறங்களையும் தன் போனில் ஏற்றித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

தங்களுக்கு அவர்கள் வாங்கியது செம்மொழியின் கம்பெனி டிவிதான். கிடங்கிலிருந்து மூலை நசுங்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பிரித்து, சாம்பல் நிறத்தில் வெகுநேரம் பார்த்தபிறகு தலையாட்டினாள். மறுநாள் வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்றது கடை. ஐயாவு ஒத்துக்கொள்ளவில்லை. மகளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, கடையின் குட்டி வேனில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிவியைப் படுக்கவைக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அம்மாப்பேட்டை தாண்டியும் பெட்டியை நிமிர்த்திப் பிடித்தபடியே வந்தார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இஞ்சின் மாற்றுகிற வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்து, "அரை மணி ஆகும் போலருக்கு. பெட்டிய சாச்சு வச்சிட்டு டீ குடிக்க வாங்க" என்றான்.

"நீ குடிச்சிட்டு வாப்பா" என்றார் ஐயாவு. வலது கை மரத்துப்போயிருந்தது. பெட்டி சாயாமல் இடது தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, கேட் திறக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.