பக்கத்து அறையில் அவர் பேசியது

ஊரிலுள்ள புருஷன் பெண்டாட்டிகளையெல்லாம் மனம்விட்டுப் பேச வைக்கிறவளுக்கு, தன் வீட்டுக்காரர் கட்டிலில் தன்னைத் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. உளவியல் துறையில் அவளை எல்லோரும் டாக்டர் என்றார்கள். கட்டிலில் நடப்பதையும் நடக்காததையும் மனிதர்கள் துணையிடம் அதிகம் சொல்கிறார்களா, பேசும் கணினியிடமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒருவரைச் சின்ன அறையில் தனியாக உட்கார வைப்பார்கள். கணினிக்குரல் கேள்வி கேட்கும். கேள்விகளை எழுதியவள் டாக்டர்தான்.

அன்று சாயங்காலம் வரவேண்டிய ஜோடி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. மைக்கைச் சோதித்தே ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்து அவளை அழைத்துப்போக வீட்டுக்காரர் வந்து நின்றார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அதிசயம்.

"சாரையே உக்கார வச்சிடலாமே மேடம்?" என்றார் டெக்னீஷியன். "டெஸ்ட்தானே, முடிஞ்சதும் பதிவு தானா அழிஞ்சிடும்."

"அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட நான் என்னத்தைப் பேச?" என்றார் வீட்டுக்காரர்.

"வாய்க்கு வந்ததைப் பேசுங்க. யாரும் கேக்க மாட்டோம்," என்றாள் டாக்டர். பேசுகிறவர் சம்மதிக்காமல் ஒரு ஈ காக்கைகூடக் கேட்கக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

கதவு சாத்தியாயிற்று. டாக்டர் இருந்த பக்கத்து அறையில், குரலின் அளவைக் காட்டும் பச்சைக்கோடு திரையில் லேசாக ஆடி நின்றது. பிறகு ஆட ஆரம்பித்தது பாருங்கள், ஓயவே இல்லை. மனுஷன் பேசுகிறார்!

"சார் பின்னி எடுக்கறாரே!" என்று சிரித்துவிட்டு டெக்னீஷியன் டீ குடிக்கப் போய்விட்டார்.

டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். என்னிடம் 'ம்', 'சரி' தாண்டாதவர் ஒரு தகரப்பெட்டியிடம் இப்படிக் கொட்டுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அதற்கும் அடியில் பயம். வேறு எவளாவது இருக்கிறாளா? இல்லை, என்னைத்தான் பிடிக்காமல் போய்விட்டதா? ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! எடுத்துக் காதில் மாட்டினாள்.

"இதையெல்லாம் உங்க துணைகிட்ட சொல்லிப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது கணினி.

"எங்க சொல்ல விடறா?" வீட்டுக்காரர் குரல். "போன வாரம் சோபாவுல அவ தோள்ல சாஞ்சேன். சும்மாதான், ஆசையா இருந்துச்சு. உடனே, 'வேலையில டென்ஷன், அதான் ஆறுதல் தேடறீங்க, இதுக்கு ஒரு பேர் இருக்கு'ன்னு ஆரம்பிச்சுட்டா. எழுந்து போயிட்டேன். பக்கத்துல போனா அதுக்கு ஒரு பேரு, போகலைன்னா அதுக்கும் ஒரு பேரு. நான் என்ன அவளோட சோதனை எலியா?"

டாக்டருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னோம் என்று பெருமைவேறு பட்டிருந்தாள், பாவி!

அவள் சுதாரிப்பதற்குள் கதவு திறந்தது. "டெஸ்ட் சரியா வந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர் அவள் காதைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கேட்டியா?"

"கேட்டேன். தோள்ல சாஞ்சதுலேருந்து."

"அதுக்கு முன்னாடி சொன்னதை?"

"சத்தியமா கேக்கலை. தப்புதாங்க. உங்களுக்குக் கோபம் வர்றது ரொம்ப இயல்பு, இந்த மாதிரி நேரத்துல மனசு..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கோபமெல்லாம் இல்ல. வெக்கமா இருக்கு," என்றார் அவர். "முதல்ல அந்தக் குரலை நீன்னு நினைச்சுக்கிட்டு, உன்கிட்ட சொல்லவேண்டியதைச் சொல்லிப் பாத்தேன். அழகா வந்துச்சு. வீட்டுக்குப் போனதும் உன்கிட்டயே சொல்லிடணும்னுதான் எழுந்து வந்தேன்."

"இப்ப சொல்லுங்களேன்." அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "கீழ நிக்கறேன்," என்று படியிறங்கினார்.

பின்னாலேயே ஓடவேண்டும் என்று டாக்டருக்குக் கால் துடித்தது. ஓடிப்போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.