சிப்பி ஒட்டாத குழாய்

கட்டாரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் குழாய் பொருத்தும் வேலை செய்துவிட்டு வந்தவன் றமீஸ். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். காத்தான்குடியில் தங்கை பஹீமா இறால் குஞ்சு வளர்க்கத் தொட்டி கட்டுகிறாள் என்று கேட்டதும் அவனுக்குக் கை துருதுருத்தது.

வாவியின் உப்புத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவர, அவள் புருஷன் றிஸ்லான் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் வாங்கி வைத்திருந்தான். றமீஸ் அவற்றைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், கக்கூசுக்கு வாங்கினதா?"

றிஸ்லான் சிரித்து மழுப்பினான். அந்தக் குழாய்கள் பின்வளவில் பயற்றங்கொடிப் பந்தலுக்குக் கால்களாகிவிட்டன.

கொழும்பில் பழைய கப்பல் சாமான் விற்கும் இடத்தில் தேடிப் பிடித்து, செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களை றமீஸ் லொறியில் கொண்டுவந்து இறக்கினான். தண்ணீர் எவ்வளவு வேண்டும், எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று கணக்குப் பார்த்து, மூன்று அங்குலம் என்று முடிவெடுத்தான். அளவில் யாரும் குறை சொல்ல முடியாது. வந்தவர் போனவர் எல்லாருக்கும் குழாயைத் தடவித் தடவிக் காட்டினான்.

"உப்புத் தண்ணிக்கு இதுதான் ராசா. சிப்பி ஒட்டாது, பாசி ஒட்டாது. இதுக்குள்ள ஒரு உசிரும் குடியிருக்காது."

முதல் விட்ட குஞ்சுகள் சில நாளில் செத்துத் தொட்டியடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தன. பஹீமா தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதாள். இதை நம்பித்தான் அவள் தையல் வேலையை விட்டிருந்தாள். றமீஸ் அயலாருக்கு முன்னால் றிஸ்லானைப் பிடித்தான்.

"தீனி போடத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு இறால்?"

அடுத்த முறை விட்ட குஞ்சுகளும் செத்தன.

இறால் வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லும் உதயரூபன் மட்டக்களப்பிலிருந்து வந்தார். தீனியைப் பார்த்தார், சரி என்றார். தொட்டியைப் பார்த்தார், சரி என்றார்.

"தண்ணி எந்தக் குழாயில வருது?"

றமீஸ் வாயெடுக்குமுன் பஹீமா முந்திக்கொண்டாள்.

"அதில பிழை வராது சேர். எங்கட நானா கட்டாரில வேலை செஞ்சவர், அவர் போட்டது. சிப்பி ஒட்டாது, பாசி ஒட்டாது, இதுக்குள்ள ஒரு உசிரும்..."

அவள் பேச்சு அப்படியே நின்றது. உதயரூபன் சாவியால் குழாயைச் சுரண்டினார். செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது.

"தண்ணியில கரைஞ்சு சிப்பியக் கொல்லுற செம்பு இறால் குஞ்ச மட்டும் விடுமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

றமீஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. எண்ணெய்க்கு எது, நீராவிக்கு எது, அமிலத்துக்கு எது என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவன், அந்தக் குழாய் வழியே வரும் தண்ணீரில் யார் வாழப்போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

றிஸ்லான் பின்வளவுக்குப் போனான். பந்தலின் வெள்ளைக் குழாய்களைப் பிடுங்கத் தொடங்கினான்.

"நீங்கதான், நானா, பூட்டித் தரணும்" என்றாள் பஹீமா. "வேற ஆருக்கு அளவு தெரியும்?"

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். போய், கொடி சுற்றியிருந்த ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்... தீனியில பிழை இல்ல."

"தெரியும் மச்சான்" என்றான் றிஸ்லான், நிமிர்ந்து பார்க்காமல். "மற்றப் பக்கத்தப் பிடிங்க."