மோன்ட்டி கலாடு பள்ளி தரையில் இல்லை

உப்புநீரில் ஊறிய திரெமோசுப் பயறு ஒரு குவளை ஐந்து தொஷ்டா காசிலிருந்து ஆறுக்கு ஏறிய அதே மாதத்தில், மோன்ட்டி கலாடு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு மேசை ஒன்று தரையை விட்டு நான்கு விரல் எழும்பி நின்றது. இரண்டில் விலையேற்றத்தைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள். அந்த மஞ்சள் பயற்றை நசுக்கித் தோலைத் துப்பாமல் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு மடக்கு மது இறங்காது. மேசை எழும்பியதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள், ஆசிரியை ஜூல்மீரா கல்யார்து. ஆசிரியைகள் கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. ஜூல்மீரா அனுமதி கேட்கவில்லை. அவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் தைரியத்துடன் அரசாங்கத்தில் யாரும் இருந்ததாகவும் தெரியவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே பாடப்புத்தகம். அதில் இருந்த பாட்டுகளைப் பிள்ளைகள் விளக்கெண்ணெய் குடிக்கும் முகத்தோடு ஒப்பித்தார்கள். ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, ஜூல்மீரா மதுக்கடையில் இருந்த பயறு முழுவதையும் ஒரு வாளியில் வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். விலை ஏறியது அதனால்தான்.

பாடம் இப்படி நடந்தது. நாலு வரிப் பாட்டு. ஒரு வரிக்கு ஏழு அசை. அசைக்கு ஒரு பயறு என்று மேசையில் அடுக்க வேண்டும். எந்த அசையைக் குரல் அழுத்துகிறதோ அதற்கு அடியில், பாட்டில் தக்கை செய்யும் ஊர்த் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஒரு கார்க் துண்டு. இரண்டாம் வரியும் நாலாம் வரியும் ஒரே ஓசையில் முடிந்தால், இரண்டின் நுனியையும் ஒரே நிறக் கம்பளி நூலால் கட்ட வேண்டும். அளவுக்கு மேல் போன பயற்றை எழுதியவரே எல்லோர் முன்னாலும் தின்றாக வேண்டும். முதல் வாரம் பிள்ளைகள் வேண்டுமென்றே நீளநீளமாக எழுதினார்கள். எங்கள் ஊரில் கவிதைக்கு அப்படி ஒரு பசி அதற்கு முன் இருந்ததில்லை.

"டீச்சர், என் வரில பன்னெண்டு இருக்கு" என்றாள் கிராசியெட்டி, மலைச்சரிவில் கார்க் மரப்பட்டை உரிக்கும் தொழிலாளியின் மகள். எட்டு வயது, வாய்க்கு மட்டும் இருபது வயது.

"அஞ்சைத் தின்னு. தின்னுட்டு எதைத் தின்னேன்னு சொல்லு."

"'மிக மிக அழகான'ங்கறதை, டீச்சர்."

"ருசி எப்படி?"

"ஒண்ணுமே இல்ல."

"அப்ப போனது போகட்டும்."

பயறு கழுவ ஒரு கரண்டி தேவைப்பட்டது. பிள்ளைகளின் உள்ளங்கையில் அடிக்க அரசாங்கம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மரத்தட்டு கொடுத்திருந்தது. அதில் துளைகள் இருந்தன. உப்புநீர் வடிய அதைவிட வசதியான சாமான் இல்லை என்பதை ஜூல்மீரா கண்டுபிடித்தார். அதன்பின் அந்தத் தட்டு வாளியிலேயே கிடந்தது. வேறு வேலைக்கு அது எடுக்கப்படவே இல்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் கிராசியெட்டி இதை அடுக்கினாள்:

கார்க்கு மரத்தை உரிக்கிறார் அப்பா,
மரத்துக்கு மேல்சட்டை இல்லை;
குளிரும் காலம் வருது, மரமே,
எனக்கும் மேல்சட்டை இல்லை.

கடைசி நூலைக் கட்டி முடித்ததும் மேசை எழும்பியது. "மைக்கூட்டைப் பிடி, சிந்தப்போகுது" என்றார் ஜூல்மீரா. அவர் சொன்னது அவ்வளவுதான். பாட்டைக் கலைத்துப் பயற்றைத் தின்றதும் மேசை இறங்கிவிட்டது. மறுவாரம் இன்னொன்று எழும்பியது, பிறகு இன்னொன்று. விவரம் தெரிந்தவர்கள் கார்க் துண்டுகளைக் காரணம் சொன்னார்கள். கார்க் எடையில்லாத பொருள் என்பது உலகம் அறிந்தது. அளவு சரியாக இருந்தும் சில மேசைகள் ஏன் அசையவில்லை என்பதை அவர்களால் விளக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பெல்மீரு என்ற பையன், தன் வீட்டில் தினமும் இறைச்சி சமைப்பதாக அருமையான அளவில் ஒரு பாட்டு அடுக்கினான். மேசை கல் மாதிரி கிடந்தது. "உங்க வீட்ல இறைச்சியா? உங்க பூனையே எங்க வீட்ல வந்துதான்டா சாப்பிடுது" என்றாள் கிராசியெட்டி. அவன் 'இறைச்சி'யைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் 'முட்டைக்கோஸ்' என்று வைத்தான். நாலு விரல் எழும்பியது. இப்படியே அந்தக் குளிர்காலம் போனது. மேசையோடு சேர்ந்த பெஞ்சும் எழும்பி, தரைக்குளிர் காலில் ஏறாததால் மூன்றாம் வகுப்பில் இருமல் குறைந்தது. அதை மருத்துவர் பாராட்டினார்.

அடுத்து வந்த வசந்தத்தில் பள்ளி ஆய்வாளர் ஔரேலியு பெஷ்டானா வந்தார். கறுப்புக் கோட்டு, சட்டப் படிப்பு, ஓட்டுநரோடு கார். எழும்பி நின்ற மேசைகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். விதிப்புத்தகத்தில் மேசையின் நீளம், அகலம், சரிவு எல்லாம் இருந்தன. தரையில் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அவர் முதலில் கேட்டது வேறு.

"அடிக்கிற தட்டு எங்கே?"

"வாளியில இருக்கு, ஐயா. கொஞ்சம் பயறு எடுத்துக்கறீங்களா?"

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பாடப்புத்தகத்தைத் திறந்து, சுவரில் படமாகத் தொங்கிய தலைவரைப் போற்றும் பாட்டை அடுக்கச் சொன்னார். பிள்ளைகள் ஒரு மேசையில் ஒழுங்காக அடுக்கினார்கள். ஏழு ஏழாகப் பயறு, சரியான இடத்தில் கார்க், நுனியில் சிவப்பு நூல். எந்தப் பிழையும் இல்லை. எழும்பி நின்ற மேசைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. புத்தகப் பாட்டு இருந்த மேசை மட்டும் அதோடு நிற்காமல், தரைப்பலகையை அழுத்திக்கொண்டு ஒரு விரல் கீழே போனது.

"இன்னொரு தடவை அடுக்கவா, ஐயா? இன்னும் கொஞ்சம் எறங்கும்" என்றாள் கிராசியெட்டி.

ஆய்வாளர் அன்றே உத்தரவு போட்டார். எல்லா மேசைகளையும் தரையோடு போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். ஆசிரியையின் வேலை பற்றிய முடிவு தலைநகரிலிருந்து வரும். ஜூல்மீரா வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை, வேறு பள்ளிக்கும் போக முடியாது; நாட்டில் எந்தக் கரும்பலகையின் முன்னாலும் அவர் இனி நிற்கக் கூடாது என்பதுதான் அந்த முடிவு என்று ஓட்டுநர் மதுக்கடையில் சொல்லிவிட்டுப் போனான்.

கொல்லர் ஃபிர்மீனு நேர்மையான மனிதர். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. மேசைக்கால்களைத் தரைப்பலகையோடு மட்டும் நிறுத்தாமல், பலகையைத் துளைத்து உத்திரம் வரை, உத்திரத்திலிருந்து சுவர் வரை இரும்பை இறக்கினார். "இனிமே கடவுளே தூக்கினாலும் வீட்டோடதான் தூக்கணும்" என்றார். அவர் எச்சரிக்கையாகத்தான் சொன்னார். பிள்ளைகள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வாளர் வேலைநீக்க ஆணையோடு திரும்பி வந்த காலையில், ஜூல்மீரா பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னார். "இன்னிக்கு என்னை அனுப்பறாங்க. விதிப்படி அவர் அந்தத் தாளைப் பள்ளிக்குள்ள வந்து, வாய்விட்டுப் படிச்சு, என் கையில கொடுக்கணும். கொடுத்துட்டா முடிஞ்சுது." யாரும் அழவில்லை. கிராசியெட்டி வாளியைத் தூக்கி நடுவில் வைத்தாள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே பாட்டை அடுக்கினார்கள், முதல் வரி முன்மேசையிலும் கடைசி வரி பின்மேசையிலுமாக. ஆய்வாளரின் கார் திருப்பத்தில் தெரிந்தபோது கடைசி நூல் கட்டியாயிற்று. போல்ட்டுகள் முனகின. பிறகு பள்ளிக்கூடம், ஓடு, புகைபோக்கி, மணி, சுவர்ப்படம் எல்லாவற்றோடும், தன் அஸ்திவாரத்தை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி நின்றது. வேடிக்கை பார்க்கக் கீழே கூடிய ஊர்க்கூட்டத்தில் நின்ற ஃபிர்மீனு தொப்பியைக் கழற்றினார். "பாத்தீங்களா, ஒரு போல்ட்டுகூட விடலை!"

வாசலில் நின்று கிராசியெட்டி அந்தப் பாட்டைச் சொன்னாள்:

கறுப்புக் கோட்டுப் பெரிய மனுசா,
காயிதம் எதுக்குக் கையிலே?
டீச்சரைத் துரத்த வந்தீர் என்றால்
ஏறி வாரும் மேலே.

இங்கேதான் ஆய்வாளர் தவறு செய்தார். வேறு எந்த நாட்டு அதிகாரியும் செய்திருக்க முடியாத தவறு. அவர் சட்டம் படிக்கும் முன்பு வடக்கே மின்யோ பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் பாட்டுச் சண்டை உண்டு: ஒருவர் நாலு வரி விட்டெறிவார், எதிராளி அதன் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டைத் தொடங்க வேண்டும். பதில் சொல்லாமல் நிற்பவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆய்வாளருக்குப் பெண் கொடுத்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் வாய் கேட்கவில்லை. ஏணி கொண்டுவரச் சொல்லத் திறந்த வாய் இப்படிச் சொன்னது:

ஏறி வாரும் மேலே என்றால்
எப்படி ஏறுவேன் நானே?
குழியில் குழியாய்க் குலுங்கி வந்தேன்,
இடுப்பே போச்சு தானே!

அளவு சரி. பொய்யும் இல்லை, அந்தச் சாலையை எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளரின் பளபளத்த காலணிகள் தரையை விட்டன. அவர் நிதானமாக எழும்பி, பள்ளி வாசலுக்கு நேராக வந்து நின்றார். கூட்டம் கைதட்டியது. அவர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைதட்டல் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாசலில் ஜூல்மீரா நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

"வாங்க, ஐயா. படிங்க."

ஆய்வாளர் தாளைப் பிரித்தார். "மேற்படி பொருள் தொடர்பாக, மேலே குறிப்பிட்ட விதியின் கீழ், இதன் மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கியவர், 'யாதெனில்' முடிவதற்குள் கீழே இருந்த முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தார். எழுந்தார், மண்ணைத் தட்டினார், இடுப்புப் பாட்டை மறுபடி சொன்னார். இப்போது அது முன்பைவிட உண்மையாக இருந்ததால் சுலபமாக எழும்பினார். தாளைப் பிரித்தார். விழுந்தார். தாளைப் படிக்காமல் கையில் திணித்துவிடலாமா என்று ஒரு தடவை முயன்றார்; ஜூல்மீரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "படிக்காம வாங்கினா சட்டப்படி செல்லாதே, ஐயா" என்றார். சட்டம் படித்தவர் மறுபடி தாளைப் பிரித்தார். பாத்தியில் ஒரு முட்டைக்கோஸ்கூட மிஞ்சாமல் போகும்வரை இது நடந்தது. ஓட்டுநர் காரிலிருந்து இறங்கவே இல்லை. சிரித்ததற்காகச் சம்பளம் போய்விடக் கூடாது என்று முகத்தை ஸ்டியரிங்கில் வைத்திருந்தான்.

கடைசியாக அவர் எழுந்திருக்காமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டபோது, மேலே பிள்ளைகள் கசமுசவென்று பயறு நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு கிராசியெட்டியின் குரல்:

இடுப்பே போச்சு தானே, ஐயா,
இன்னும் எதுக்குக் கோபம்?
பறக்கத் தெரிஞ்ச ஆளை இப்படி
இறக்கி விட்டது பாவம்.

ஆய்வாளர் வாயைத் திறந்தார். கூட்டம் காத்திருந்தது. அவர் உதடுகள் 'இறக்கி விட்டது' என்ற இடம்வரை அசைந்தன. அவரை இறக்கி விட்டது யார் என்று உண்மையாகச் சொன்னால் வேலை போகும். பொய் சொன்னால் மேலே போக முடியாது. வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினார். அவர் தலைநகருக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரே வாக்கியம்தான் இருந்ததாம்: பெறுநர் தரையில் இல்லாததால் ஆணை சேர்ப்பிக்கப்படவில்லை.

பள்ளி இறங்கவில்லை. பாட்டுச் சண்டையின் முறைப்படி, பதில் வரும்வரை கடைசிப் பாட்டு அப்படியே நிற்கும். அதைக் கலைக்க யாருக்கும் உரிமை கிடையாது. கொத்தனார் கல்படி கட்டித் தந்தார். ஆணை சேராததால் ஜூல்மீரா வேலையில் இருந்தார், சம்பளமும் வந்தது. வேறு இரண்டு ஆய்வாளர்கள் வந்து, படியேறி, ஆணையின் உரைநடையைத் தொடங்கி, கீழே விழுந்து, ஒருவர் கையையும் ஒருவர் மூக்குக்கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு போனார்கள். பயறு அடுக்கிய பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெல்மீரு மதுக்கடை வைத்தான். கிராசியெட்டி கார்க் தொழிற்சாலையில் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் மேல்சட்டைப் பாட்டைப் பாடி, காவலர்களின் குதிரைகளை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்திவைத்தாள். பிறகு ஓர் ஏப்ரலில் சிப்பாய்கள் துப்பாக்கியில் பூச் செருகினார்கள், ஆட்சி மாறியது, வகுப்பறைச் சுவரிலிருந்து தலைவரின் படத்தைக் கழற்றினார்கள். அன்று பள்ளி இன்னும் இரண்டு விரல் உயர்ந்தது. சட்டம் கனமானது என்றார் ஃபிர்மீனு.

புதிய அரசாங்கமும் ஓர் அதிகாரியை அனுப்பியது. நல்ல மனிதர், தாடி வைத்தவர். நாங்கள் உங்கள் பக்கம்தான், இனி இறங்கலாமே என்று படியேறி வந்து கேட்டார்.

"பதில் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார் ஜூல்மீரா. முடி வெளுத்திருந்தது, வாளி அதேதான்.

"என்ன பதில், அம்மா?"

"கவர்மெண்டு ஒரு பாட்டுக்குப் பதில் பாக்கி வச்சிருக்கு. நாலு வரிதான். ஆனா பொய் இருக்கக் கூடாது."

அதிகாரி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். மேலிடம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஜூல்மீரா ஓய்வு பெறத் தோன்றிய அன்று தானாகப் படியிறங்கி வீட்டுக்குப் போனார். வாளியும் துளைத்தட்டும் அடுத்த ஆசிரியையிடம் இருக்கின்றன. இந்த ஆண்டு பயறு விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் வாயாடிகள் நிறையச் சேர்ந்திருப்பதால், பள்ளி திறப்பதற்கு முன் இன்னொரு படி கட்டிவிட வேண்டும் என்று கொத்தனாரின் மகன் கல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.