செர்ரிச் சாராயத்தில் வரைந்த பனி

ஸெனோபியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். புது வேட்டை மாளிகையின் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வேட்டைக்காரர்களின் தலைவர் ஹிரோனிம், எண்ணெய் வண்ணத்தில் வரைய க்ராக்கோவிலிருந்து ஆள் வருகிறார், தண்ணீரில் கரைத்துத் தீட்டுவதெல்லாம் பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டார். இருபது வருஷமாக நீர்வண்ணத்தில் பனியையும் வேட்டையையும் தவிர வேறெதையும் வரையாதவளுக்குச் சுருக்கென்றது. ஜனவரி வேட்டையன்று காட்டிலேயே வரைந்து முடிக்கிறேன், கடைசிக் கொம்பு ஊதுவதற்குள் முடியாவிட்டால் இனி அவுகுஸ்தூவ் காட்டுப் பக்கமே தூரிகையோடு வரமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. வெட்டவெளியில் ஃபிர் மரக்கிளைகளைப் பரப்பி, அன்று சுட்டு வீழ்த்தியவற்றை, முதலில் கலைமான், அப்புறம் பன்றி, நரி, முயல் என்று முறைப்படி கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ராகத்தில் கொம்பு ஊதி விடைகொடுப்பார்கள். ஊதி முடித்ததும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சூரியன் மரங்களுக்கு மேலே ஒரு முழம்தான் இருந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி.

அந்தக் குளிரில் வெறும் தண்ணீர் தூரிகையிலேயே உறைந்துபோகும். அதனால் அவள் எப்போதும் வோட்கா கலந்துதான் வரைவாள். அன்றும் ஒரு பாட்டில் கொண்டுவந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று முட்டைக்கோசும் இறைச்சியுமாகப் பீகோஸ் கொதித்துக்கொண்டிருந்த பானையருகே வைத்திருந்தாள். அங்கேதான் புத்தி பிசகியது. பீகோஸ் பானைக்குப் பக்கத்தில் நிற்கும் பாட்டில் ஊர்ச்சொத்து. அந்தக் காட்டில் அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. திரும்பிப் பார்த்தபோது பாட்டில் காலியாக நின்றது.

"எங்களுக்காகத்தான் வச்சீங்கன்னு நெனச்சேன் அம்மணி. உங்க பேரைச் சொல்லித்தான் குடிச்சோம்" என்றார் வனக்காவலர் வலென்டி, மீசையைத் துடைத்தபடி.

தண்ணீரில் தொட்டுப் பார்த்தாள். தூரிகை முனையில் பனிக்கட்டி பொடிப்பொடியாகச் சேர்ந்து தாளைக் கீறியது. அடுப்படியிலிருந்து ஹிரோனிம், வீட்டுக்குப் போய்க் கணப்போரம் உட்கார்ந்து பூ வரையலாமே என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை முட்டியது, இங்கே அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டாள். வலென்டியிடம் கையை நீட்டினாள்.

"உள்பையில இருக்கறத எடுங்க."

"ஐயோ, இது என் சம்சாரம் போட்ட செர்ரிச் சாராயங்க. செவப்பா இருக்குமே."

"செவப்பாவே இருக்கட்டும்."

கிண்ணத்தில் ஊற்றித் தூரிகையைத் தோய்த்தாள். உறையவில்லை, ஓடியது. மரங்களுக்குப் பின்னே வானம் அப்போது அதே நிறத்தில்தான் இருந்தது. மருந்துக்கடை லூசியன் வயிற்றுவலிக்கென்று வைத்திருந்த பச்சை அக்ரூட் காய்ச் சாராயத்தை நீட்டினார். கரும்பச்சையாக இருந்தது, பைன் மரங்களுக்கு அதுவே போதும். இன்னொருவரின் மஞ்சள் சீமைமாதுளைச் சாராயம் பன்றியின் முதுகில் வெயிலாக விழுந்தது. மளமளவென்று ஆளாளுக்குப் புட்டியைத் திறந்தார்கள். யார் வீட்டுச் சரக்கு உசத்தி என்று அவள் தலைக்கு மேலே சண்டையும் நடந்தது. பனியை மட்டும் அவள் தொடவே இல்லை. வெள்ளைத் தாளை அப்படியே விட்டாள். அதில் கலைமான் பாரத்தோடு புதைந்து கிடந்தது.

கொம்போசை எழும்பியது. எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். கலைமானுக்கு ஊதினார்கள், பன்றிக்கு, நரிக்கு. அவள் தலை நிமிரவில்லை. முயலுக்கான ராகம் முடியும் மூச்சில், முயலின் காது நுனியில் ஒரு பொட்டு வைத்துத் தூரிகையைக் கீழே போட்டாள்.

கொம்பு நின்றால் தொப்பி தலைக்கு ஏறும், அதுதான் வழக்கம். அன்று ஒருவர் தொப்பியும் ஏறவில்லை. எல்லாரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸெனோபியா சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்து கிண்ணத்தைத் துடைத்தாள்.

ஹிரோனிம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தார். கையில் வெள்ளிப் புட்டி.

"சுவர் உங்களுதுதான் அம்மணி. க்ராக்கோக்காரருக்கு நானே எழுதிடறேன். ஆனா தலைவன் நான், எல்லார் வீட்டுதும் இருக்கு, என்னோடது இல்லையே. ஏழு வருஷம் ஊறுனது. ஒரு சொட்டாவது வைங்க."

"படம் முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்று சொல்லி, ஸெனோபியா புட்டியை வாங்கி அடி தெரியக் குடித்தாள்.