பின்பக்கத்தில் இரண்டு எழுத்து

15 மார்ச் 2025, சனிக்கிழமை

முதலில் என் தவறு. பஞ்சவர்ணம் ஆன்ட்டியின் பெல்ட் பக்கிளைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டேன். நேற்று வெள்ளிக்கிழமை என்று விளக்குகளைத் தேய்த்த அம்மா, பித்தளைதானே என்று அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பழம்பொருளைச் சுத்தம் செய்யக் கூடாது என்பதுதான் சமூக மன்றத்தில் நான் படிக்கும் பழம்பொருள் மதிப்பீட்டு மாலை வகுப்பில் எங்களுக்குச் சொன்ன முதல் விதி.

"பளபளன்னு இருக்குல்ல?" என்றார் அம்மா.

ஆன்ட்டி தேக்கா மார்க்கெட்டில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். இளவயதில் பஸ் கண்டக்டர். கம்பெனி மூடியபோது சீருடையோடு பக்கிளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். போன மாதம் பழைய பொருள் சந்தையில் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. நாளை பழைய பஸ் ஊழியர்களின் மதிய விருந்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போக ஆசை. அதே கம்பெனியில் டிரைவராக இருந்த பாலகிருஷ்ணன், ஆன்ட்டி அனுப்பிய பக்கிள் படத்தைப் பார்த்ததும் 'டூப்ளிகேட்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதனால்தான் பக்கிள் சோதனைக்கு என்னிடம் வந்தது. பின்பக்கத்தில் முத்திரை எதுவும் தெரியவில்லை என்று, வியாழக்கிழமையே போன் செய்து "நகலாத்தான் இருக்கும்" என்றேன்.

"அப்போ நான் விருந்துக்குப் போகலம்மா" என்றார்.

இன்று காலை, மன்னிப்புக் கேட்கக் கிளம்பும் முன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அழுக்கு போன இடத்தில் ஆர், எம் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். ஒன்று ஆழம், மற்றது சற்றுச் சாய்வு. தனித்தனியாகச் சுத்தியலால் அடித்தவை. அச்சில் வார்த்த நகலில் விளிம்பு மழுங்கியிருக்கும். நூலகத்தின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இரண்டு மணி நேரம் தேடினேன். 1966-இல் ஜாலான் புசார் வட்டாரப் பட்டறை ஒன்றின் விளம்பரம்: ஆர்.எம். மெட்டல் ஒர்க்ஸ், சீருடைப் பொத்தான்கள், பக்கிள்கள். வாடிக்கையாளர் பட்டியலில் ஆன்ட்டியின் கம்பெனி. மூன்று முறை படித்தேன்.

கடைக்குப் போய், தேய்த்ததையும் அவசரப்பட்டுச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன்.

"ரெண்டு நாளா என்னை நோகடிச்சுட்டு, இப்போ ஒரிஜினல்னு சொல்றியா?"

"தொண்ணூறு சதவீதம், ஆன்ட்டி. ஒரே ஒரு விளம்பரம்தான் கிடைச்சுது."

"மீதி பத்தை நீயே வெச்சுக்க லா" என்றவர், போனை ஸ்பீக்கரில் போட்டார். "பாலா, என் பக்கிள் பின்னாடி பட்டறை முத்திரை இருக்கு. உன்னோடதுல?"

"நான் கம்பெனிக்குத் திருப்பியே குடுக்கலையே. எல்லாம் இருக்கும்."

"போய்ப் பாரு. நான் லைன்ல இருக்கேன்."

அலமாரி திறக்கும் சத்தம்.

"பஞ்சு, மொழுமொழுன்னு இருக்கு."

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து நகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் குறுக்கே பேச வேண்டியதாயிற்று. "அங்கிள், முத்திரை தெரியலைன்னா நகல்னு அர்த்தமில்ல. நானும் அப்படித்தான் தப்பு செஞ்சேன். தொடைக்காம அப்படியே நாளைக்கு விருந்துக்குக் கொண்டு வாங்க."

"யாரு அது? நல்ல புள்ளையா இருக்கே" என்றார் அவர்.

"உன் பக்கம் பேசினா நல்ல புள்ளதான்" என்ற ஆன்ட்டி, கறுப்புத் தோல்வாரை இடுப்பில் சுற்றி அளவு பார்த்தார். பக்கிளை மாட்டி, கண்ணாடி முன் மூன்று தரம் திரும்பினார். "டிக்கெட், டிக்கெட்" என்று என் பக்கம் கை நீட்டினார்.

நாளை: பதினொன்றரைக்கு, விருந்து தொடங்கும் முன், பாலகிருஷ்ணன் அங்கிளின் பக்கிளை எடை போட வேண்டும், கொக்கியின் அளவை ஆன்ட்டியுடையதோடு ஒப்பிட வேண்டும். அளந்து முடிக்கும்வரை யார் கேட்டாலும் எதுவும் சொல்லக் கூடாது.